ஆறுதல் சங்கு

உப்போடையில் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நடத்துகிற அபாய ஒத்திகையில், கறுப்பு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு செத்தவர்களாகப் படுத்துக்கிடந்த ஏழு பேரில் ஆறு பேர், பிரியாணிப் பொட்டலம் வந்து இறங்கியதுமே மணலைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். கொம்பையாவின் பெண்டாட்டி செண்பகவடிவு மட்டும், ஆறுதல் சங்கு ஊதுகிற வரைக்கும் செத்தவர்கள் அசையக் கூடாது என்று காலையில் மைக்கில் சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள், அதனால் இயந்திரங்களைப் பொறுத்தவரை அவள் ஒருத்தி மட்டும் செத்துப்போனாள்.

கம்பெனியின் கோபுரத்தில் இருப்பது ஒரே சங்குதான், ஆனால் அதற்கு இரண்டு குரல். விட்டுவிட்டு அலறினால் வாயு கசிகிறது என்று அர்த்தம், ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும். ஒரே இழுப்பாக இரண்டு நிமிஷம் ஊதினால் அபாயம் தீர்ந்தது, வீட்டுக்குத் திரும்பலாம். அதைத்தான் ஊர் ஆறுதல் சங்கு என்று சொல்லிவந்தது. ஒத்திகை நாளில் மஞ்சள் அட்டை வாங்கியவர் நொண்ட வேண்டும், சிவப்பு அட்டை வாங்கியவர் அலற வேண்டும், அவரைத் தூக்கிப்போகிறவர்கள் சிரித்துக்கொண்டே ஓடி எப்படியும் ஒரு தடவை கீழே போடுவார்கள். கறுப்பு அட்டைக்குத்தான் அடிதடி, ஏனென்றால் செத்தவருக்கு ஒரு வேலையும் இல்லை, பிரியாணியில் கூடுதலாக ஒரு முட்டையும் உண்டு. அந்த வருஷம் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் நாத்தனார் வீட்டுச் சடங்குக்குப் போக வேண்டியிருந்ததால் தன் அட்டையை வடிவுக்கு விட்டுக்கொடுத்தாள்.

அன்றைக்கு ஆறுதல் சங்கு ஊதவே இல்லை. அந்தக் கம்பெனியில் எந்தக் காரியத்தையும் முதலில் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு அப்புறம் செய்வதுதான் பழக்கம். எழுதிவிட்ட பிறகு செய்யத் தேவையில்லாமல் போன காரியங்கள் நிறைய. சங்கு அறையில் அப்போது இருந்த பழைய ஆள், பன்னிரண்டு பத்துக்கு ஆறுதல் சங்கு ஊதப்பட்டது என்று காலை ஒன்பது மணிக்கே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, பன்னிரண்டு பத்துக்குப் பிரியாணி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஒத்திகையைப் பார்க்க வந்திருந்த விருந்தாளிகள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். வடிவு வெயிலில் கிடந்தாள். நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சுபிதா, வீட்டில் அம்மாவைக் காணாமல் தேடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எம்மா, எந்திரி. எல்லாரும் போயாச்சு."

"சங்கு ஊதியாச்சா?"

"எந்தச் சங்கு?"

மகள் பேச்சைக் கேட்டு எழுந்து நடந்தவள் கம்பெனி கேட்டைத் தாண்டியபோதுதான் முதல் அடையாளம் தெரிந்தது. விபத்து நடந்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிவதற்காக, வெளியாட்களும் ஒப்பந்த ஆட்களும் வந்துபோகிற அந்தக் கேட்டில், உள்ளே இருக்கிற தலைகளை எண்ணிச் சிவப்பு எழுத்தில் காட்டும் கருவி ஒன்று மாட்டியிருந்தார்கள். சுபிதா உள்ளே போனபோது அது இரண்டு காட்டியது. தாயும் மகளும் சேர்ந்து வெளியே வந்த பிறகு அது ஒன்றில் நின்றது. காவலாளி விளக்கை எடுத்துக்கொண்டு அந்த ஒரு ஆளைத் தேடி ஆலை முழுக்க அலைந்துவிட்டு வந்தார், யாரும் இல்லை. எண்ணை அழிக்கத் தெரிந்தவர் சென்னையில் இருந்தார், அவர் வரவில்லை. ஆலையில் யாருமே இல்லாத தீபாவளியன்றைக்கும் உள்ளே ஒருவர் இருப்பதாக அந்தக் கருவி சொல்லிக்கொண்டிருந்தது.

மறுவாரம் ரேஷன் கடை இயந்திரத்தில் வடிவின் கட்டைவிரல் விழவில்லை. "வெரல நல்லாத் தொடச்சிட்டு வையிங்கக்கா" என்றார் கடைக்காரர். துடைத்துவிட்டு வைத்தாள், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து வைத்தாள், பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள், இயந்திரம் யாரும் இன்னும் வரவில்லை என்பதாகச் சும்மா இருந்தது. பெரியாஸ்பத்திரியில் கையை நீட்டினால் தண்ணீர் கொட்டுகிற குழாய் அவள் கைக்குக் கொட்டவில்லை. போனில் அவள் பேசினால் அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கோழித் திருட்டுக்குப் பிறகு ஊரே கூடிக் கேட்டு வாங்கி மாட்டிய தெருக் கேமராவில், காலை ஆறரைக்குத் தண்ணீர்க் குடம் ஒன்று இடுப்பளவு உயரத்தில் தானாக மிதந்து போவது தினமும் பதிவானது. உடுத்திய துணியை அவளோடு சேர்த்து விழுங்கிவிடுகிற கேமரா, கையில் எடுத்த பொருளை மட்டும் விட்டுவைத்தது.

ஊர் இதை இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. மனுஷக் கண்ணுக்கு அவள் தெரிகிறாள், பேசினால் காதில் விழுகிறது, குழம்பு வைத்தால் மணக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள். பெண்கள் அவளைச் செத்தவளே என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள், அவளும் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வடிவின் பெயரைப் போனில் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஏறாததால், சுபிதாவின் படிவத்தில் தாயார் இல்லை என்று எழுதிக்கொண்டார். இது தற்காலிகமாகத்தான் என்று சொல்லி ஒரு மிட்டாயும் கொடுத்தார். பஞ்சாயத்துத் தலைவர் அல்போன்ஸ், ஒத்திகை எவ்வளவு சிரத்தையாக நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டும் வாங்கினார்.

கொம்பையா அப்போது லாரியில் பீப்பாய் ஏற்றும் ஒப்பந்தக் கூலி. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரி குணசீலனைப் போய்ப் பார்த்தான். குணசீலன் நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்காரவைத்து, ரிஜிஸ்டரை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"பன்னிரண்டு பத்துக்கு ஊதினதா இருக்கும்மா. இப்ப மறுபடி ஊதினா அன்னைக்கு ஊதினது பொய்னு ஆயிரும். அடுத்த வருஷ ஒத்திகை வரட்டும். அதே இடத்துல போய்ப் படுத்துக்கோ, ஊதிரலாம். ஒரு வருஷம்தானே."

அந்த ஒரு வருஷத்துக்குள்தான் ஆடு வேலியைத் தாண்டியது.

ஆலைக்கு நடுவில் வால்வு முற்றம் என்று ஒரு இடம், பதினாறு வால்வுகள், பதினாறும் வயசானவை, முறை வைத்துக்கொண்டு கசிகிறவை. ஆள் யாரும் அதற்குள் போய் வாயுவில் சிக்கிவிடக் கூடாதென்று கம்பெனி வெளிநாட்டிலிருந்து ஒரு வேலி வாங்கி நட்டிருந்தது. கம்பி கிடையாது, கண் மட்டும். மனுஷ உடம்பு ஒன்று எல்லையைத் தாண்டினால் வேலி பார்த்துவிடும், சங்கு அலறும், ஆலை தானாக நின்றுவிடும், மறுபடி ஓட ஒரு ஷிப்ட் ஆகும். ஆனால் கசிகிற வால்வை இறுக்க யாராவது உள்ளே போயே ஆக வேண்டும். அதனால் வாரத்துக்கு மூன்று தடவை சங்கு அலறியது, அதன்பின் ஆறுதல் சங்கு ஊதியதாக ரிஜிஸ்டரில் மட்டும் எழுதிக்கொண்டார்கள், ஒப்பந்த ஆட்களைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள், லாரிகள் ஊர் எல்லை வரைக்கும் நின்றன. முதல் வருஷம் சங்குச் சத்தம் கேட்டு ஓடிய ஊர், இரண்டாம் வருஷம் வாசலுக்கு வந்து பார்த்தது, மூன்றாம் வருஷம் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டது. தொட்டில் பிள்ளைகள் தூங்குவதில்லை, சங்கை எடுத்துவிடுங்கள் என்று மனுவும் கொடுத்தது. அபாயத்தை எடுத்துவிடுங்கள் என்று மனு கொடுக்கத் தோன்றவில்லை. அது கண்ணுக்குத் தெரியவில்லை, சங்குதான் காதில் விழுந்தது.

மதில் இடிந்த வழியாக உள்ளே போன தன் ஆட்டைத் துரத்திக்கொண்டு வடிவு வால்வு முற்றத்துக்குள் நடந்து போனாள், ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், வேலி வாய் திறக்கவில்லை. குணசீலன் ஜன்னலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ ஆறும் வரைக்கும் யோசித்தார். பிறகு அவரே இறங்கிவந்து, பத்தாவது வால்வின் சக்கரத்தைக் கால்வட்டம் வலதுபக்கம் திருகிவிட்டு வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அன்றிலிருந்து உப்போடையில் சங்கு அலறவில்லை. ஒப்பந்த ஆட்களுக்கு முழு நாள் வேலை கிடைத்தது, லாரிகள் நகர்ந்தன, தொட்டில்கள் அமைதியாக ஆடின. செத்தவளே என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் அம்மா, தாயி என்று கூப்பிடத் தொடங்கின. கம்பெனிச் சட்டப்படி ஆபத்தான இடத்தில் ஆள் வேலை செய்யக் கூடாது. அங்கே ஆள் யாரும் வேலை செய்யவில்லை என்பதற்குக் கேமராவும் வேலியும் கேட்டில் இருந்த கருவியும் சாட்சி. அவளுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்கள். கொம்பையாவைப் பெர்மனென்ட் ஆக்கி, நீலச் சட்டை கொடுத்து, சங்கு அறையில் உட்காரவைத்தார்கள்.

சங்கு அறையில் அவனுக்கு நான்கு வேலை. காலையில் வந்ததும் ஏணி போட்டு ஏறி, விபத்தில்லா நாட்கள் என்று வாசலில் எழுதியிருக்கிற பெரிய பலகையில் தகர எண்ணை மாற்றி மாட்ட வேண்டும். நாள் முழுக்க வால்வு முற்றத்தைக் காட்டும் திரையைப் பார்க்க வேண்டும். மணிக்கொரு தடவை ரிஜிஸ்டரில் ஆள் நடமாட்டம் இல்லை என்று எழுத வேண்டும். திங்கட்கிழமைகளில் சிவப்புப் பொத்தானையும் பச்சைப் பொத்தானையும் இலேசாக அமுக்கி, அபாயச் சங்கும் ஆறுதல் சங்கும் வேலை செய்கின்றனவா என்று சோதித்து, சரி என்று எழுத வேண்டும். திரையில் ஆள் இருக்காது, வால்வுச் சக்கரம் மட்டும் தானாகச் சுற்றும். அது அவன் பெண்டாட்டி சுற்றுவது. மூச்சு வாங்க அவள் நிற்கிறபோது சக்கரமும் நிற்கும். ஆள் நடமாட்டம் இல்லை என்று அவன் எழுதுவான். திரையில் இல்லாததை எழுத முடியாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

அந்த வேலைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே வடிவு சொன்னாள். "இங்கேருங்க, நாளைக்கு சோதனைக்குச் சங்கு ஊதுவியள்லா. நான் போயி அந்த மணல்ல அதே எடத்துல படுத்துக்கிடுதேன். நீங்க அந்தப் பச்சைப் பொத்தானக் கொஞ்சம் கூடுதலா அமுக்கிருங்க. ஒருத்தருக்கும் தெரியாண்டாம்."

அவன் சரி என்றான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் போய்ப் படுத்ததைச் சங்கு அறை ஜன்னல் வழியாகத் தன் கண்ணாலேயே பார்த்தான். கையைப் பச்சைப் பொத்தானுக்குக் கொண்டுபோனான். நீலச் சட்டைக்கு அன்றைக்கு வயது ஐந்து நாள். வேலி அவளைப் பார்த்துவிட்டால் சங்கு திரும்ப அலறும், லாரிகள் நிற்கும், ஊர் அவன் வாசலில் வந்து நிற்கும், அவன் மறுபடி பீப்பாய் உருட்டுவான். அடுத்த வாரம் ஊதிவிடலாம் என்று நினைத்தான். ரிஜிஸ்டரைத் திறந்து, இரண்டு சங்கும் சரி என்று எழுதிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வடிவு உச்சிவெயில் வரைக்கும் கிடந்துவிட்டு, எழுந்து வீட்டுக்குப் போய், உலை வைத்தாள். சாயங்காலம் அவனிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லித் தப்பித்திருப்பான்.

இப்படியே ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொத்தானைத் தொடாமல் சரி என்று எழுதினான். எழுத எழுதக் கை பழகிவிட்டது.

கார்த்திகையில் அவளுக்கு இருமல் தொடங்கியது. தையில் உள்ளங்கைத் தோல் உரிந்தது, கால் மெட்டி பச்சை பூத்தது, பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளிவைத்தாள். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் நெஞ்சு இல்லை, எலும்பு இல்லை, வெறும் கறுப்பு. "ஒண்ணுமே இல்லியே, நல்லாத்தானே இருக்கு" என்றார். ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார்கள், குப்பி காலி என்று கருவி சொன்னது. கண்ணெதிரே சிவப்பாக இருக்கிற குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் காலி என்றே எழுதிக்கொண்டாள். கருவிக்கு விரோதமாக எழுத அவளுக்கு அதிகாரம் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வடிவு அவன் தோளில் சாய்ந்துகொண்டு, "ஒத்திகைக்கு இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டாள்.

"எண்பத்தி நாலு."

"அன்னைக்காவது ஊதிருவியளா?"

"ஊதிருதேன் வடிவு. சத்தியமா ஊதிருதேன்."

அந்தச் சத்தியத்தை அவன் மனதார நம்பினான். அந்த எண்பத்து நாலு நாட்களில் பன்னிரண்டு திங்கட்கிழமை வரும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்காமல் விட்டான்.

ஒத்திகைக்கு முந்தின வாரம் தலைவர் அல்போன்ஸ் வீட்டுக்கே வந்தார், தங்கபுஷ்பமும் பத்துப் பதினைந்து பேரும் பின்னால் வந்தார்கள். சண்டை போடவில்லை, மிரட்டவில்லை, ஆளுக்கொரு பழச்சீப்போடு வந்து வடிவின் காலடியில் வைத்தார்கள்.

"கொம்பையா, சங்குச் சத்தமில்லாம ஊரு தூங்குது. எல்லாம் உன் வீட்டுக்காரி புண்ணியம். இன்னும் ஒரே ஒரு வருஷம் அவ இப்படியே இருந்துட்டுப் போவட்டும். நம்ம எல்லாரோட பாதுகாப்பும் இதுலதான இருக்கு."

வடிவு இருமிக்கொண்டே உள்ளே போனாள். கொம்பையா தலையை ஆட்டினான். ஆம் என்றா இல்லை என்றா என்று அவனுக்கே தெரியாத ஆட்டல். கதவோரம் நின்ற சுபிதா அதைப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு அப்பாவிடம் வந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது, அம்மாவைப் போலவே சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள்.

"அப்பா, எத்தன திங்கக்கிழம இருந்திச்சு. ஏன் ஊதல?"

"உனக்கு அதெல்லாம் புரியாது தாயி."

"அம்மா மட்டும் படுத்தா நீங்க ஊதமாட்டிய" என்றாள் சுபிதா.

ஒத்திகை நாள் விபத்தில்லா இரண்டாயிரமாவது நாளாகவும் அமைந்தது. பந்தல், வாழைமரம், மைக்செட், விருந்தாளிகளுக்கு ரோஜாமாலை. கொம்பையா காலையிலேயே ஏறி ஒரு இரண்டும் மூன்று பூஜ்யமும் மாட்டிவிட்டு வந்தான். மதிலுக்குள் நுழைந்த ஊர்ஜனத்தை எல்லாம் கேட்டில் இருந்த கருவி எண்ணிக்கொண்டே வந்தது. பதினொரு மணிக்குச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான், சங்கு அலறியது, நொண்டுகிறவர்கள் நொண்டினார்கள், அலறுகிறவர்கள் அலறினார்கள். வடிவு தன் பழைய இடத்தில் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒத்திகைக்காக மைதானத்துக்குத் திருப்பியிருந்த திரையில் அந்த இடத்தில் வெறும் மணலும் ஒரு கறுப்பு அட்டையும் தெரிந்தன. பிறகு அந்த வெற்று மணலுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூட யூனிபாரத்தோடு, கையில் கறுப்பு அட்டையோடு, சுபிதா வந்து மல்லாந்து படுத்தாள்.

அவன் பச்சைப் பொத்தானைப் பார்த்தான். பின்னால் குணசீலனும் தலைவரும் நின்றார்கள்.

"அவசரப்படாத கொம்பையா" என்றார் குணசீலன். "விருந்தாளி சாப்பிட்டு முடிக்கட்டும். பந்தியில இருக்கும்போது ஊதினா நல்லாருக்காது."

பன்னிரண்டு பத்து ஆனது. பிரியாணி வந்தது. மற்றச் செத்தவர்கள் எழுந்து போனார்கள். பன்னிரண்டே முக்கால். ஒன்று பத்து. மைதானத்தில் மகள் மட்டும் திரையில் கிடந்தாள், வெயில் முகத்தில் அடித்தும் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள், அப்பா ஊதிவிடுவார் என்கிற ஒரே நம்பிக்கையில் கிடந்தாள். கொம்பையாவுக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டே இன்னும் ஐந்து நிமிஷம் பார்க்கலாம், அவள் தானாக எழுந்துவிடுவாள் என்று உட்கார்ந்திருந்தான். ஒன்று இருபதுக்கு வேர்வையைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, திரையில் மணலின்மேல் இரண்டு கறுப்பு அட்டைகள் மட்டுமே இருந்தன.

பச்சைப் பொத்தானை அமுக்கினான். சத்தம் வரவில்லை. உள்ளங்கையால் அமுக்கினான், முஷ்டியால் குத்தினான், எழுந்து நின்று இரண்டு கையாலும் அழுத்தினான். கோபுரம் ஊமையாக நின்றது.

"அதோட வயர ஆடி மாசமே கழட்டியாச்சே" என்றார் குணசீலன், உண்மையான ஆச்சரியத்தோடு. "தெரியாம கை பட்டு ஊதிரக் கூடாதுல்ல, பாதுகாப்புக்காகத்தான். உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? வாரா வாரம் சோதிச்சு சரின்னு நீதான எழுதியிருக்க?"

கொம்பையா படியிறங்கி ஓடினான். வெளியே வெறுங்கண்ணுக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள், தாயும் மகளும், பக்கத்தில் பக்கத்தில். கையை வாயில் குவித்துக்கொண்டு அவனே சங்காக ஊதினான், ஒரே இழுப்பாக, நெஞ்சு வெடிக்கிற மட்டும், மூச்சு அறுந்ததும் மறுபடி. பிரியாணிப் பொட்டலத்தோடு நின்ற பிள்ளைகள் சிரித்தன. வடிவு கண்ணைத் திறந்தாள், தலையைத் திருப்பினாள், பக்கத்தில் மகள் கிடப்பதை அப்போதுதான் பார்த்தாள். புரண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்பா" என்றாள் சுபிதா, கண்ணைத் திறக்காமலே. "அது சங்குச் சத்தம் இல்லை."

"அமுக்கினேன் தாயி. அமுக்கினேன். அது ஊதல."

"எப்ப அமுக்கினிய?"

அவன் மணலில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

விருந்தாளிகளும் ஊர்ஜனமும் போய்த் தீர்ந்தபின், கடைசியாக அவர்கள் மூன்று பேரும் கேட்டைத் தாண்டினார்கள். தாண்டியதும் கொம்பையா திரும்பிப் பார்த்தான். ஒரு வருஷமாக ஒன்றுக்குக் கீழே இறங்காத அந்தச் சிவப்பு எண், இரண்டுக்குக் கீழே இறங்காமல் நின்றது.

வயரை மறுபடி மாட்டச் சொல்லிக் குணசீலன் காலில் விழுந்தான். அவர் பதறிப்போய்த் தூக்கிவிட்டார், அவருக்கும் கண் கலங்கியது, அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். ஆனால் ரிஜிஸ்டரை அவன் முன்னால் விரித்தார். சங்கு சரியாக இருக்கிறது என்று நாற்பதுக்கு மேற்பட்ட திங்கட்கிழமைகள் அவன் கையெழுத்திலேயே சொல்லின. "சரியா இருக்கிறதைச் சரி பண்ணணும்னு நான் எப்படி மேல எழுதுறது?" என்றார். வேலையே வேண்டாம் என்று கொம்பையா நீலச் சட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டான். குணசீலன் அதை மடித்து அவன் கையிலேயே திரும்பக் கொடுத்தார். "வேலைய விடணும்னா விடு, வேண்டாம்னு சொல்லல. வேற ஆள் வந்து உக்காருவான். ஆனா உள்ள சக்கரம் நின்னுபோனா, எதுக்கு நின்னுச்சுன்னு தெரிஞ்சு ஓடுறதுக்கு நீயாவது இருக்க வேண்டாமா?"

பள்ளிக்கூட வாசலில் முகம் பார்த்து வருகை எழுதுகிற கருவி சுபிதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் போய்ப் போய்த் திரும்பிவந்தாள். டீச்சர் இந்தத் தடவை மிட்டாய் கொடுக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊர் இதையும் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. தங்கபுஷ்பம் மட்டும் அதன்பிறகு பிரியாணி சாப்பிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். வடிவால் இப்போது குனிய முடிவதில்லை, குனிந்தால் இருமல் பிடித்துக்கொள்கிறது, குழாய்களுக்கு அடியில் இருக்கிற பதினாறாவது வால்வு இறுகாமல் கிடந்தது. தனக்கு உயிர் இருக்கிற வரைக்கும் மகள் அங்கே வரக் கூடாது என்றாள். சுபிதா அம்மாவின் உரிந்த கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் முன்னால் நடந்தாள்.

கேட்டில் குணசீலன் நின்றிருந்தார். அவர் கையில் புதுக் கையுறை ஒரு ஜோடி, சின்ன அளவு. சுபிதா போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. எப்போது வாங்கிவைத்தது என்று கொம்பையா கேட்கவில்லை.

அவன் ஏணியில் ஏறி அன்றைய எண்ணை மாட்டினான். வழியோடு போன ஒருவர் நின்று, இரண்டாயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறதே என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். இறங்கிப் போய்த் திரைமுன் உட்கார்ந்தான். வால்வு முற்றம் வெறிச்சென்று கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஐந்தாவது வால்வின் சக்கரம் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. பிறகு கீழே, குழாய்களுக்கு அடியில், பதினாறாவது சக்கரம் அசைந்தது. முதலில் இடதுபக்கம், தப்பு என்று தெரிந்து நின்றது, அப்புறம் வலதுபக்கம். இரண்டும் சுற்றுவதை அவன் மூச்சுவிடாமல் பார்த்தான். திடீரென்று மேலே இருந்த சக்கரம் நின்றது. உடனே கீழே இருந்ததும் நின்றது. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவுவரைக்கும் போய்விட்டான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது மேல்சக்கரம் நடுங்கி நடுங்கி மறுபடி சுற்றிற்று, அது சுற்றியதும் சின்னதும் சுற்றியது.

மணி ஒன்பது அடித்தது. கொம்பையா வந்து உட்கார்ந்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் பேனாவைத் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் எழுதினான்: ஆள் நடமாட்டம் இல்லை.